சரிபாதி மாத்திரை

எங்கள் வீட்டில் எதையும் சரிபாதியாகப் பங்கு வைப்பதுதான் சட்டம். துபாயிலிருந்து வாப்பா அனுப்பும் பெட்டியில் எனக்கு ஒரு பேனா டப்பா இருந்தால் தம்பிக்கும் ஒன்று இருக்கும். தப்பித்தவறி ஒற்றையாக ஒரு சாக்லேட் வந்துவிட்டால் உம்மா கத்தியை எடுத்து, ஒரு கண்ணை மூடிக் குறிபார்த்து, நட்டநடுவில் வெட்டுவார்கள். உரசிப் பார்த்தாலும் எந்தத் துண்டு பெரியது என்று கண்டுபிடிக்க முடியாது. நாங்கள் உரசிப் பார்த்திருக்கிறோம்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் இருவருக்கும் ஒரே வாரத்தில் தொண்டை வலி வந்தது. உம்மா எங்களைக் காயல்பட்டினம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் தம்பியின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "இவனுக்கு மூக்கொழுகுது, இருமுதான். சாதாரணச் சளிதாம்மா. தானாப் போயிரும். உப்புத்தண்ணி வச்சுக் கொப்புளிச்சாப் போதும்" என்றார்.

என் முறை வந்தபோது டாக்டரின் முகம் மாறியது. இருமல் இல்லை. ஆனால் உடம்பு கொதித்தது, கழுத்தில் நெறி கட்டியிருந்தது, தொண்டைக்குள் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. பஞ்சு சுற்றிய குச்சியைத் தொண்டைவரை விட்டுத் துடைத்துச் சோதனைக்கு அனுப்பினார். தம்பிக்கும் குச்சி வேண்டும் என்று உம்மா சொல்லிப் பார்த்தார்கள். அவர் சிரித்துவிட்டார். பிறகு என் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். வலி தொண்டையில் என்று நான் தெளிவாகச் சொல்லியும் நெஞ்சில் போய்த் தேடுகிறாரே என்று அவரது படிப்பின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

மறுநாள் முடிவு வந்தது. என் தொண்டையில் இருந்தது வேறு கிருமியாம். பத்து நாளைக்குக் காலையும் இரவும் சாப்பிட மாத்திரை எழுதினார். "காய்ச்சல் விட்டுட்டுன்னு பாதியில நிறுத்திராதீங்க. இந்தக் கிருமிய அரைகுறையா விட்டா பின்னால இதயத்தக் கெடுத்துரும்" என்றார். உம்மா தலையை ஆட்டினார்கள்.

அது பாதி சிவப்பும் பாதி மஞ்சளுமான குப்பி மாத்திரை. பார்க்க மிட்டாய் போலவே இருக்கும். தனக்கு வெறும் உப்புத்தண்ணி, எனக்கு இதுவா என்று தம்பி தரையில் புரண்டு அழுதான். போதாததற்கு வாப்பாவும் போனில், "பையனுக்கு ஒண்ணுமே தரலையா?" என்று கேட்டுவிட்டார்கள். உம்மா யோசித்தார்கள். வீட்டுச் சட்டம் இருக்கவே இருந்தது. காலை மாத்திரை எனக்கு, இரவு மாத்திரை தம்பிக்கு. இரண்டாம் நாளே என் காய்ச்சல் விட்டது. தம்பியின் சளியும் அதுபாட்டுக்குப் போனது. உம்மாவுக்கு ஒரே பெருமை.

பக்கத்து வீட்டில் பெரிம்மா இருந்தார்கள். உம்மாவின் கூடப்பிறந்த அக்கா; உம்மா 'ராத்தா' என்று கூப்பிடுவார்கள். ஆண்கள் தெருவில் போக, எங்கள் ஊர்ப் பெண்கள் வீடுகளுக்கு நடுவே ஓடும் முடுக்கு வழியாகப் போய்வருவார்கள். அந்தச் சின்ன முடுக்கைக் கடக்கவே பெரிம்மா நடுவில் ஒருமுறை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இதயத்தில் ஏதோ வால்வு கெட்டுவிட்டதாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொண்டார்கள். பேசினால் மூச்சு வாங்கும் என்பதால் யாரையும் திட்டமாட்டார்கள். எங்களுக்கு அவர்களைப் பிடித்துப்போக அதுவே போதுமானதாக இருந்தது.

ஒரு மாலை, எனக்குத் தொண்டை மறுபடி வலிக்கிறது என்று கேள்விப்பட்டு அவர்கள் வந்தபோது, தம்பி நாக்கில் மாத்திரையை வைத்து நீட்டிக் காட்டினான்.

"ஏளா, இது யாருக்கு எழுதுன மாத்திரை?"

"ரெண்டு பேருக்கும் தொண்டைதானே ராத்தா? ஆளுக்குப் பாதியாக் கொடுக்கேன். இவளுக்குக் காய்ச்சலும் விட்டுட்டே."

பெரிம்மா தம்பியின் வாய்க்குள் விரலை விட்டு மாத்திரையை வெளியே எடுத்தார்கள். அப்படியே படியில் உட்கார்ந்தார்கள். மூச்சு திரும்பச் சற்று நேரமானது.

"சின்னதுல எனக்கும் இதே தொண்டைதான், காய்ச்சலும் இப்பிடித்தான் விட்டுட்டுளா. உனக்கு வெறும் சளி. நீ அழுதேன்னு நம்ம உம்மா என் மாத்திரையில பாதிய உனக்குத்தான் தந்தாஹ. நீ சின்னப் புள்ள, உனக்கு ஞாபகம் இருக்காது."

உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். தம்பியின் பங்கு வீணாய்ப்போனதற்கு இவ்வளவு அழுகையா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் காலையிலேயே மூவரும் என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்கள். மூவர் என்றால் தம்பியும்தான். டாக்டர் உம்மாவை நன்றாகத் திட்டினார். மறுபடி குழாயை வைத்துக் கேட்டு, மாத்திரையையும் புதிதாக எழுதி, "நெஞ்சு நல்லா இருக்கு. இந்தத் தடவ ஒண்ணு விடாம முடிச்சிருங்க" என்றார். பெரிம்மா சத்தமாக "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள். அவர்கள் சத்தமாக ஒன்றைச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அதன்பின் மாத்திரை தீரும்வரை காலையும் இரவும் முடுக்கில் நின்று நின்று வந்தார்கள். நான் விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். பிறகு என் நெஞ்சில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும், சிரிப்பேன்.

அந்த நோன்புப் பெருநாளைக்கு உம்மா ரவையில் கேக் போலத் தம்மடை சுட்டார்கள். கத்தியை எடுத்தார்கள். நானும் தம்பியும் வழக்கம்போல் இரண்டு பக்கமும் நின்று காவல் பார்த்தோம். கத்தி நடுவில் இறங்கவில்லை. பெரிய துண்டு ஒன்றை வெட்டித் தட்டில் மூடி, முடுக்கு வழியாகப் பெரிம்மா வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மிஞ்சியதுதான் எங்களுக்கு.

இது அநியாயம் என்று இருவரும் ஒரே குரலில் வழக்காடினோம். பெரிம்மா மௌத்தாகி மண்ணுக்குள் போகும்வரை எங்கள் வீட்டில் எது வெட்டினாலும் பெரிய துண்டு அந்த முடுக்கு வழியாகவே போனது. சட்டத்தை உம்மாவே மீறுகிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். எந்தப் பாதியைத் திருப்பிக் கொடுக்கப் பார்க்கிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.