வரதப்பனின் டிம்மர் பெட்டி

மூன்றாவது முறை அந்தப் பெட்டி என் மேசைக்கு வந்தபோது, கூடவே ஒரு குற்றச்சாட்டும் வந்தது.

எழுபதுகளின் நடுவில் திருவள்ளூரில், ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். ஐ.டி.ஐ.யில் படித்தபடி முறையாகச் செய்தால் எதுவும் சரியாகிவிடும் என்று நம்பியிருந்தேன்.

பெட்டி வரதப்பனுடையது. நாடகங்களுக்கு மேடை விளக்குகளை வாடகைக்கு விடுபவர். வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் பழைய டிம்மர் அது. மேல் மூடியில் சூடு போக வரிசையாகத் துளைகள். அதற்கு நேர் கீழே பவர் சப்ளை போர்டு. கடையில் நாள் முழுக்க ஓடும். மேடையில் முதல் காட்சி முடிவதற்குள் விளக்குகள் துடித்து மங்கிவிடும். முதல் இரண்டு முறையும், மின்சாரத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் டிரான்சிஸ்டர் போயிருந்தது. மாற்றிக் கொடுத்தேன்.

"இன்னா ஐ.டி.ஐ., தப்பு போர்டு மேலயா, ஆளு மேலயா?" என்றார் வரதப்பன். "எனக்கு சாலமோன் மேலதான் டவுட்டு. வேற லைட்டு பார்ட்டிக்காரன் அவனை இஸ்த்துக்கினு போவப் பாக்குறான். நாளைக்குக் கவரப்பேட்டைல நாடகம். அங்கயும் லைட்டு பூட்ச்சின்னா அவனை ஊட்டுக்கு அனுப்பிடுவேன்."

சாலமோன் அவருடைய லைட் ஆபரேட்டர். மூன்று பிள்ளைகள், வேறு வருமானம் இல்லை.

போர்டைக் கழற்றிப் பார்த்தேன். டிரான்சிஸ்டரின் கால்களில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. சுற்றிலும் தண்ணீர் காய்ந்த வெள்ளைத் தடம்.

"உள்ள தண்ணி பூந்திருக்கு நைனா" என்றேன்.

"பாத்தியா! ஊத்தியிருக்கான்!" என்று மேசையைத் தட்டினார்.

நான் சொன்னதே சாலமோனுக்கு எதிராகத் திரும்பிவிட்டது. அவர் ஊற்றியிருக்கலாம் என்று எனக்கும் தோன்றியது. போர்டைச் சரிசெய்துகொண்டு நானும் கவரைப்பேட்டைக்குப் போனேன்.

மேடைக்குப் பக்கத்தில் நின்று சாலமோனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு துணியால் பெட்டி மூடியைத் துடைத்தார். துணி ஈரமோ என்று எட்டிப் பார்த்தேன்.

"இன்னா தம்பி, போலீஸ் மாதிரி மொறைச்சிக்கினு கீற? டீ கிளாஸைக்கூடத் தூர வச்சிட்டேன். வேணும்னா பாக்கெட்டைத் தடவிப் பாரு" என்றார்.

பொழுது சாயும்போது வரதப்பன் வந்தார். ஒவ்வொரு நாடகத்துக்கும் முன்னால் பெட்டிக்குப் பூஜை உண்டு. தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டினார். பூஜையில் சாலமோனை எதையும் தொட விடமாட்டார்.

"அவன் சாமி வேற. இது நம்ம கையாலதான் செய்யணும்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே, வாடாமல் இருக்க வாளித் தண்ணீரில் போட்டிருந்த சாமந்தி மாலையைத் தூக்கினார். ஒரு உதறல்கூட இல்லை. அப்படியே மூடியின் மேல் நீளமாகக் கிடத்தினார்.

தண்ணீர் துளைகள் வழியாக உள்ளே இறங்கியது.

ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

"மாலையை எடுங்க நைனா."

"டேய், சாமி மாலை! கைய வைக்காத!"

"நான் வைக்கல. நீங்களே எடுங்க. மூடியைத் திறந்து காட்டறேன்."

நடிகர்கள் அரிதாரத்தோடு வந்து சூழ்ந்துகொண்டார்கள். வரதப்பன் வேண்டாவெறுப்பாக மாலையை எடுத்தார். நான் ஸ்க்ரூக்களைக் கழற்ற, சாலமோன் டார்ச் பிடித்தார். டிரான்சிஸ்டரின் கால்களுக்கு நடுவே ஒரு சொட்டு நின்றது. பக்கத்தில் ஒரு சாமந்தி இதழ் ஒட்டியிருந்தது.

வரதப்பன் குனிந்து உள்ளே பார்த்தார். "லைட்டு நல்லா எரியணும்னுதான்டா போட்டேன்" என்றார். குரல் இறங்கியிருந்தது.

போர்டைத் துடைத்து, ஒரு மேடை விளக்கின் சூட்டில் காட்டி உலர்த்தினோம். மாலையை வரதப்பனே விளக்குக் கம்பத்தில் மாட்டினார். மங்களம் பாடும் வரை வெளிச்சம் அசையவில்லை.

அவர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "காலைல பெட்டிய நீயே பத்திரமா ஏத்திக்கினு வா" என்று சாலமோனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஒயரைச் சுற்றிக்கொண்டே சாலமோன் என்னிடம் கேட்டார்: "அவரு மொதலாளி, சந்தேகப்பட்டாரு. நீ படிச்ச புள்ள. என் துணியை இன்னாத்துக்கு எட்டி எட்டிப் பாத்த?"

பழுது பார்க்கும் பெஞ்சில் புதிதாக உட்காரும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். கடையில் ஓடும் போர்டு வெளியே போய்ச் சாகிறதென்றால், யார் கெடுத்தது என்று தேடாதீர்கள். அங்கே அதற்கு என்னென்ன செய்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். முதலில் அதன்மேல் அதிக அக்கறை உள்ளவரைப் பாருங்கள்.