முனியப்பனை அறுக்க விடவில்லை

அன்றைக்கு இருந்தவர்கள்: யுனிவர்சிட்டியில் பழங்கால ஆராய்ச்சி செய்கிற மேடம். அவரிடம் படிக்கிற பெண் ஒருத்தி. எங்கள் எஸ்டேட்டில் கணக்கு எழுதி, ஆட்களை வேலைக்கு விடுகிற ரைட்டர். என் வீட்டுக்காரர். நான். பலா மரத்தடியில் முனியப்பன்.

முனியப்பனுக்கு உருவம் கிடையாது. கற்கள்தான். எங்கள் மலையில் கரடியூர்ப் பக்கம் காப்பிக்குக் குழி வெட்டும்போது வழுவழுப்பான கல் வந்தால் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டோம். கழுவி, எண்ணெய் தடவி, மரத்தடியில் வைத்துவிடுவோம். அவ்வளவுதான் கோயில்.

அந்த நாளுக்கு முன்பே மேடம் தோட்டத்துக்கு மேலே ட்ரோன் விட்டிருந்தார். மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க, சக்கரம் வைத்த பெட்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். அதற்கெல்லாம் நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகுதான் மரத்தடிக்கு வந்தார்கள்.

"இதெல்லாம் கோடாலிம்மா. இரும்பு வர்றதுக்கு முன்னாடி மனுசங்க தேச்சுத் தேச்சுச் செஞ்சது. ஒன்னே ஒன்னு குடுங்க. லேப்ல மெல்லிசா அறுத்துப் பார்த்தா, எந்தப் பாறையில எடுத்த கல்லுன்னு தெரிஞ்சிடும்" என்றார் மேடம்.

"அறுக்கவா? முடியாதுங்க."

கற்களுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

ரைட்டர் சிரித்தார். "ஏம்மா, உன்ற பாட்டன் அடிவாரத்துல இருந்து மூட்டையத் தூக்கிட்டு ஏறி வந்தவன். இது எப்ப உங்க சாமியாச்சு?"

"எஸ்டேட்டும் ஏறி வந்ததுதானுங்க."

அவர் சிரிப்பு நின்றது. "இடம் எஸ்டேட்டோடது. முதலாளி சரின்னுட்டாரு. நாளைக்கு வேலைக்கு வரோணுமா, வேண்டாமா?"

வீட்டுக்காரர் என் தோளைத் தொட்டார். "எந்திரி புள்ள. ஒரு கல்லுதானே."

"உங்க விரல்ல ஒன்னக் குடுங்க. ஒரு விரல்தானே."

படிக்கிற பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் மேடத்திடம் திரும்பினேன்.

"ஏனுங்க, மண்ணைத் தோண்டாமயே பாக்கறீங்க. கல்ல அறுக்காமப் பாக்க மெஷின் இல்லீங்களா?"

"இருக்கும்மா. அது பாதிதான் சொல்லும்."

"பாதி போதுமுங்க."

"உங்களுக்குப் போதும். எனக்கு?"

"எனக்குச் சாமி முழுசா வேணுமுங்க."

ஜீப் போன பிறகுதான் எழுந்தேன். மறுநாள் ரைட்டர் எனக்கு வேலை இல்லை என்றார். வாழவந்தியில் வேறொரு தோட்டத்துக்கு மிளகு பறிக்கப் போனேன். வரும் வழியில் மரத்தடியில் விளக்கு வைத்தேன். ரைட்டர் பார்த்தார். பார்க்கட்டும். பிறகு ஆள் பற்றாமல் கூப்பிட்டு அனுப்பினார். போகவில்லை.

காப்பிப் பழம் பறிப்பு முடிந்து மேடம் அந்தப் பெண்ணோடு திரும்ப வந்தார். கையில் துப்பாக்கி மாதிரி ஒரு மெஷின். கல்லின் மேல் வைத்தால் உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டுமாம். எண்ணெய் இருந்தால் சரியாகக் காட்டாது என்றார். நானே துடைத்தேன். நானே ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன்.

"இந்த மலைப் பாறை மாதிரி தெரியல. வெளியே இருந்து வந்திருக்கலாம். அறுத்திருந்தா உறுதியாச் சொல்லியிருப்பேன்" என்றார்.

"சொல்லாட்டிப் போகுதுங்க."

அவர்கள் மெஷினைப் பெட்டியில் வைக்கும்போது கற்களுக்கு மறுபடி எண்ணெய் தடவினேன். மேடம் பார்க்கப் பார்க்க எண்ணினேன். அவர் முகம் மாறியது. நான் நிறுத்தவில்லை. ஒன்றும் குறையவில்லை.

பதினாலு.