அறுபதாவது தோட்டா

தோட்டா பொறுக்குவதில் எனக்குத் தனிப் பைத்தியம் உண்டு. ஐம்பது மீட்டர் தூரத்துக்குப் படுத்துக்கொண்டு சுடும் போட்டியில் மொத்தம் அறுபது சுற்று. நடுப்புள்ளி சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். தப்பினால் சிலர் காற்றைத் திட்டுவார்கள், சிலர் கண்ணாடியைத் திட்டுவார்கள். நான் தோட்டாவைத் திட்டுகிற கட்சி.

ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே நிறப் பெட்டி. ஆனாலும் ஒரு லாட்டில், அதாவது ஒரே தடவையாகச் செய்த தொகுதியில், வந்த தோட்டா இன்னொரு லாட்டில் வந்தது போலப் பாயாது. எந்த லாட் எந்தத் துப்பாக்கிக்குப் பிடிக்கும் என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வருஷம் நான்கு லாட்டை எடுத்து, ஒவ்வொன்றிலும் பத்துப் பத்தாகச் சுட்டேன். மூன்று லாட்டில் துளைகள் சிதறின. நாலாவதில் பத்தும் ஒரே ஓட்டையாக விழுந்தன. அந்த இலக்கு அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டி வைத்தேன்.

அதோடு விட்டேனா? அந்த லாட்டிலிருந்தும் பொறுக்க வேண்டும் என்று ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு கடையில் நகை நிறுக்கும் சின்னத் தராசு வாங்கினேன். ஆபீஸிலிருந்து வந்ததும் செம்பாக்கத்து வீட்டின் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொரு தோட்டாவாக நிறுப்பேன். அடிவிளிம்பின் தடிமனை அளப்பேன். மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் அது பயிற்சிப் பெட்டிக்குப் போகும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று வாரத்தில் அறுபது தேற்றினேன்.

"அரிசியில கல்லு பொறுக்கறவங்ககூட இவ்ளோ நேரம் உக்கார மாட்டாங்க" என்றார் என் கணவர்.

"அரிசியில கல்லு இருந்தா பல்லுதான் போகும். இதுல ஒண்ணு சரியில்லன்னா டீம்ல எடம் போயிடும்" என்றேன்.

முந்தைய வருஷம் ஒரே ஒரு புள்ளியில் மாநில அணியைக் கோட்டை விட்டவள் நான். வயது நாற்பத்தாறு. இன்னும் எத்தனை தடவை வாய்ப்புக் கிடைக்கும்? அந்த நேரத்தில் ஒரு தோட்டாவால் வேறு என்னென்ன போகக்கூடும் என்று என் மண்டையில் உதிக்கவே இல்லை.

தேர்வுப் போட்டி வியாழக்கிழமை. அதற்கு முந்தின திங்கள் ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் பூஜை அவர் பொறுப்பு. என்னைவிட அவருக்குத்தான் பக்தி. ஸ்கூட்டர் சாவி, மிக்ஸி, அவருடைய லேப்டாப் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். என் துப்பாக்கியையும் தோட்டாப் பெட்டியையும் வைக்கச் சொல்லிக் கேட்டார். சுடுவதற்கு வேண்டிய போல்ட்டை மட்டும் நான் கழற்றி பீரோவில் பூட்டிவிட்டுத் துப்பாக்கியைக் கொடுத்தேன். அந்த அறுபது இருந்த பெட்டியையும் கொடுத்தேன்.

"பெட்டிக்கு மேலதான் பொட்டு வைக்கணும். திறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன்.

வந்து பார்த்தால், சாமி படத்துக்கு முன்னால் வெற்றிலை மேல் ஒரு தோட்டா தனியாக நிற்கிறது. ஈயத் தலையில் குங்குமம், பித்தளையில் சந்தனம்.

"பெட்டிக்கு வெச்சா அட்டைக்கு வெச்ச மாதிரி. உள்ள இருக்கறதுல ஒண்ணுக்காவது வைக்க வேணாமா?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ஈயத்தின் மேல் இருக்கும் மெழுகில் குங்குமம் ஒட்டினால் அந்தத் தோட்டா போச்சு. ஆனாலும் நல்ல நாளில் சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். உடனே எடுத்துத் துடைத்துப் பூட்டியிருக்க வேண்டும். எந்த நேரமும் பூட்டுக்குள் இருக்க வேண்டிய பொருள் அது. ஆனால் பூஜைக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டில் மாறாத வழக்கம். அன்று நான் பேனாகூடத் தொடமாட்டேன். இரவு முழுக்க அது வெற்றிலை மேல் நின்றது.

விஜயதசமி காலை நான் எழுவதற்குள் அவர் புனர்பூஜை முடித்துப் பூவையெல்லாம் அள்ளி, வெளியே கொடுத்துவிட்டார். பெட்டியைத் திறந்து எண்ணினேன். ஐம்பத்தொன்பது. திரும்ப எண்ணினேன். அதேதான்.

"அந்த ஒண்ணு எங்க?"

"பெட்டியிலயே போட்டேன்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறீங்களா?"

அலமாரிக்கு அடியில் துடைப்பக்குச்சி விட்டுத் துழாவினேன். ஃப்ரிட்ஜை நகர்த்தினேன். பத்து நிமிஷம் தேடியிருப்பேன். ஒரு தோட்டா காணவில்லை என்றால் உடனே துப்பாக்கிக் கிளப்பில் சொல்ல வேண்டும், காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் விசாரணை முடியும்வரை துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். வியாழக்கிழமை என்னாவது? எங்கேயோ உருண்டு கிடக்கும், போட்டி முடிந்ததும் வீட்டையே கவிழ்த்துத் தேடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு பயிற்சிப் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு அறுபதாவதைத் தேட ஆரம்பித்தேன். தேடியது தொலைந்ததை அல்ல, அதற்கு மாற்றை. இப்போது எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

புதன்கிழமை காலை எங்கள் தெருவைப் பெருக்கும் அக்கா கேட்டருகே வந்து நின்றார். ஏழெட்டு வருஷமாக எங்கள் தெரு அவர் கையில்தான்.

"யம்மா, ஒரு விசயம்..."

தராசில் எண் ஆடிக்கொண்டிருந்தது. தீபாவளி இனாம் விஷயமாக இருக்கும் என்று நினைத்தேன்.

"வேலையா இருக்கேன்க்கா. அப்புறம் வாங்க" என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தேன்.

சற்று நேரம் நின்றுவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை வானம் கருத்துக் கிடந்தது. பள்ளிக்கரணைப் பக்கமிருந்து குப்பை எரியும் வாடை போட்டி நடக்கும் ரேஞ்ச் வரைக்கும் வந்தது. படுத்து, கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் பதித்ததிலிருந்து என் நினைப்பு நடுப்புள்ளியில் நிற்கவில்லை. ஒவ்வொரு தோட்டாவையும் எடுக்கும்போது அந்தக் குங்குமத் தலைதான் கண்முன் வந்தது. இருந்தும் சுட்டேன். நன்றாகவே சுட்டேன். அணியில் இடம் கிடைத்தது. ஸ்வீட் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டைக் கவிழ்த்துத் தேட வேண்டும் என்றிருந்ததை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளினேன். வெள்ளிக்கிழமை ஆபீஸ் இருந்தது.

சனிக்கிழமை தெருப் பெருக்க வேறொருவர் வந்தார்.

"அந்த அக்கா எங்க?" என்று கேட்டேன்.

"அதுக்கு கண்ணுல அடிமா. ஆஸ்பத்திரிக்கு போயி கட்டு போட்டுகினு வூட்ல கீது. நேத்து சாய்ந்தரம் கற்பூரம் ஏத்தசொல்ல இன்னாவோ டமார்னு வெடிச்சிகிச்சாம்."

என்ன வெடித்தது என்று கேட்காமலேயே தெரிந்துவிட்டது. உள்ளே போய்க் கணவரிடம், பூவை யாரிடம் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "பெருக்கற அக்காகிட்டதான். கால்படாத எடத்துல போடுங்கன்னு குடுத்தேன்" என்றார். வெற்றிலையோடு சேர்த்தா என்று கேட்டேன். அவர் முகம் வெளுத்தது.

அன்று முழுக்கப் பயந்து செத்தேன். போனால் மாட்டிக்கொள்வோம், போகாமலிருந்தால் யாருக்கும் தெரியாது. இந்த எண்ணம் எனக்கு வந்தது. வராதது போல் எழுத மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அந்த அக்கா வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன். பள்ளிக்கரணை சதுப்பு ஓரத்தில் ஒற்றை அறை, தகரக் கூரை. வலது கண்ணில் பெரிய கட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"யம்மா, உன்கிட்ட வந்து மன்னிப்பு கேக்கணும்னு இருந்தேன். நீயே வந்துட்ட."

"என்கிட்ட எதுக்குக்கா?"

"உங்க வூட்டு பூவுல சந்தனம் குங்குமம் வெச்சி சின்னதா பித்தளையில ஒண்ணு இருந்துச்சி. சாமி பொருளாச்சே, குப்பையில போட மன்சு வரல. குட்த்துடலாம்னு கேட்டாண்ட வந்தேன், நீ வேலையா இருந்த. சரின்னு நம்ம வூட்டு தட்டுலயே வெச்சி கற்பூரம் காட்டுனேன். அட்த்தவங்க வூட்டு சாமிய வெச்சிகினேன்ல, அதான் கோச்சிகிச்சி. சாமி குத்தம்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் என் காலில்கூட விழுந்திருப்பார். துப்பாக்கி, லைசென்ஸ், அணி எல்லாம் என்னிடமே இருந்திருக்கும்.

"சாமி இல்லக்கா. அது என் துப்பாக்கித் தோட்டா" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். தராசு, அறுபது, வெற்றிலை, ஒன்றும் விடவில்லை. இப்போதே காவல் நிலையம் போய்ச் சொல்லப்போவதாகவும் சொன்னேன். அன்றே போனேன், துப்பாக்கி அன்றோடு போயிற்று. அதில் எனக்கு வருத்தமில்லை. பத்து நாள் கழித்துக் கட்டைப் பிரித்தபோது அந்தக் கண்ணில் வெளிச்சமும் நிழலும்தான் மிஞ்சியிருந்தன.

ஆனால் அந்த ஞாயிறு அவர் திட்டவில்லை, அழவும் இல்லை. சாமி கோபித்துக்கொள்ளவில்லை என்றதில் முதலில் அவருக்கு நிம்மதிதான் வந்தது. பெருமூச்சு விட்டார். பிறகு விரல் விட்டு எதையோ எண்ணிப் பார்த்தார்.

"அது காணோம்னு உனுக்கு எப்போமா தெரியும்?"

"செவ்வாக்கிழமை காலையில."

அவர் மற்ற கண்ணால் என்னையே பார்த்தார்.

"நான் வெள்ளிக்கெயமதானேமா கற்பூரம் ஏத்துனேன்" என்றார்.