ஆற்று மணலில் திரும்பிய வண்டி

வாந்திபேதி ஆரப்பாளையத்துக்குள் நுழைந்த பங்குனியில், அன்னக்கொடி தாய்வீட்டு வழக்கத்தோடு சண்டைக்கு நின்றாள். முனிசிபாலிட்டி மருத்துவச்சி அவள். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்குத்தானே கூட்டிவருவார்கள்? ஆற்றுக்கு அக்கரையில் நோயில்லாத ஊர்களிலிருந்து நிறைமாதக்காரிகளை நோய் பிடித்த தெருவுக்கு வண்டி கட்டி அழைத்துவந்தார்கள். வந்தவர்களில் இருவர் பாடையில் போனார்கள்.

"இனி எந்தப் புள்ளையும் ஆத்தைத் தாண்டி வரக்கூடாது. புருசன் வீட்டுலயே பெத்துக்கட்டும்" என்று வீடுவீடாகச் சொன்னாள். வேலையையும் பிரித்தாள். நோய்த் தெருவின் கர்ப்பிணிகளை அவள் பார்ப்பாள். கூட வேலை பார்த்த சைனப் அக்கரையிலேயே தங்கி அங்குள்ள பிரசவங்களைப் பார்ப்பாள். மேலிடத்தில் அனுமதி கேட்டாளா? கேட்கவில்லை. உத்தரவு வருவதற்குள் தெருவே காலியாகியிருக்கும்.

தெரு முணுமுணுத்தது. "இவ மக ஜெயக்கொடியும் மாசமாத்தான இருக்கா. பாப்போம். ஊருக்குத்தான் உபதேசம்."

அந்த நாளும் வந்தது. அக்கரையில் உள்ள பரவையிலிருந்து சம்பந்தியம்மாள் இருளாயி மருமகளை வண்டியேற்றிக் கிளம்பிவிட்டாள். சேதி கேட்டு ஓடிய அன்னக்கொடி, ஆற்று மணலில் தள்ளி நின்றபடியே வண்டியை மறித்தாள்.

"வண்டியத் திருப்புங்க மதினி. சைனப் உங்க வீட்டுக்கே வருவா."

"பெத்தவ வீட்டுல எடமில்லையா?" என்றாள் இருளாயி. "ஊரு என்ன பேசும்?"

"மகளை வாசல் மிதிக்க விடாதவன்னு பேசட்டும். மக உசுரோட இருந்தாப் போதும்."

ஜெயக்கொடி அழுதாள். "ஆத்தா, ஒரு தடவ கிட்ட வா. பயமா இருக்கு."

காலையில்தான் நோயாளியின் துணியை அலசிய கை. அதை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வரமாட்டேன் தாயி. போ."

வண்டி திரும்பியது. கல்நெஞ்சுக்காரி என்று தெருவே ஏசியது. அவள் தலை குனியவில்லை. அதற்குப் பிறகு எந்த நிறைமாதக்காரியின் வண்டியும் ஆற்றைத் தாண்டவில்லை.

சித்திரையில் ஒருநாள் சைனப் ஆற்று மணலில் வந்து நின்று கூவினாள். "அக்கா, உனக்குப் பேத்தி. தாயும் புள்ளையும் நல்லாருக்காக."

அன்னக்கொடி கரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தெரு பார்த்தது. பார்க்கட்டுமே. அழுது முடித்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, இடுப்புவலி கண்ட ஒருத்தியின் வீட்டுக்குப் போனாள். கல்நெஞ்சுக்காரி என்று முதலில் ஏசியவள்தான் கதவைத் திறந்தாள்.

"பேத்தியப் பாக்கப் போகலையா?"

"நோய் இன்னும் இங்கதான இருக்கு" என்றாள் அன்னக்கொடி. "வெந்நி வைங்க."