அம்சத்தின் மனை

அம்சத்துக்குப் பட்டா கிடைக்காததற்குப் பஞ்சநதம் ஐயாதான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அம்சத்தின் மேல்தான் கோபம். நாற்பது வருடமாகியும் அது ஆறவில்லை.

நாகூருக்கு மேற்கே எங்கள் தெருவில் பதினேழு குடிசைகள். எல்லாம் ஐயாவின் நிலத்தில் நின்றன. கூலியைக் கூட்டிக் கேட்டால், "மனையக் காலி பண்ணு" என்பார். பழைய கூலிக்கே வயலில் இறங்குவோம். எழுபத்தொன்றில், குடியிருப்பவருக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்தது. அதிகாரி ஊருக்கே வந்து விசாரிப்பார் என்றார்கள்.

அவர் கேட்கும்போது நாங்கள் என்ன சொல்லிவிடுவோமோ என்றுதான் அம்சத்துக்குப் பயம். எதையும் என்னுடையது என்று சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை. நாங்கள் வளர்த்த ஆட்டைக்கூட 'ஐயாவோடது' என்போம். புருஷனை இழந்த அம்சம், தெருப் பெண்களைச் சங்கமாகச் சேர்த்து நடவு வயலிலேயே பாடம் நடத்தினாள். குனிந்து நட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று கேட்பாள்.

"எல்லையம்மா, யார் மனை?"

"ஐயாவோட..." என்று அவள் இழுப்பாள். வரிசை முழுக்கச் சிரிக்கும். "என் மனைங்க" என்று தடங்கலில்லாமல் வரும்வரை அம்சம் விடமாட்டாள்.

விசாரணை நாளில் பதினாறு பேரும் பிசகாமல் சொன்னோம். எங்களையெல்லாம் முன்னால் அனுப்பிவிட்டுக் கடைசியாக அம்சம் போனாள்.

"அது என் மாட்டுக்கொட்டகை. காவலுக்குப் படுத்திருக்கா" என்றார் ஐயா. இவளிடமா பலிக்கும் என்று நாங்கள் நிம்மதியாக நின்றோம்.

"யார் மனைம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

ஐயா திரும்பி, "சொல்லு அம்சம்" என்றார். அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான்.

"ஐயாவோடதுங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். "தப்பா வந்துடுச்சுங்க" என்று கெஞ்சினாள். அதிகாரி எழுதி முடித்து, கைநாட்டு வைக்க மையை நீட்டினார்.

பத்தே நாளில் குடிசையைப் பிரித்தார்கள். வாய்க்கால் மேட்டில் நாலு கீற்றைச் சாய்த்துக்கொண்டு கிடந்தாள். மறு வருடம் நாங்கள் கூலியைக் கூட்டிக் கேட்டு நின்றோம். யாரையும் காலி பண்ணச் சொல்ல ஐயாவால் முடியவில்லை. அந்தக் கூட்டத்துக்கு அம்சம் வரவில்லை.

எல்லோரையும் கேட்டாளே, தன்னைக் கேட்கும்படி ஒருத்தியிடமாவது சொன்னாளா? எங்களுக்காவது கேட்கத் தோன்றியதா?

அந்தக் கூட்டத்துக்கு அடுத்து வந்த நடவுக்கு அம்சம் வந்தாள். பாதி வயல் முடிந்தபோது, குனிந்தபடியே, யாரும் கேட்காமலே சொன்னாள்.

"என் மனைங்க."

வரிசையில் ஒருத்தியும் நிமிரவில்லை.