இருபத்தேழாம் எண் டோக்கன்

இரண்டு வருடங்களுக்கு முன், மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், எண்ணூர் முகத்துவாரத்துக்குச் சற்றுத் தெற்கே, அலையைத் தடுக்கக் கடலுக்குள் போட்ட இரண்டு கல் வளைவுகளுக்கு நடுவே கொஞ்சம் மணல் மிஞ்சியிருக்கிற ஒரு கரையில் நடந்தது இது. எழுதலாமா வேண்டாமா என்று இத்தனை நாள் யோசித்தேன். இன்னும் யோசித்துக்கொண்டிருந்தால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும் என்று தோன்றியது. எழுதிவிடுகிறேன்.

அந்த வாரம் முழுக்க எங்கள் கரையோரமாகச் சிறு பாய்மரப் படகுப் போட்டி. ஒரு படகுக்கு ஓர் ஆள், ஒரே ஒரு பாய். ராயபுரம் பக்கம் ஆரம்பித்து, நாளுக்கொரு கரையாக வடக்கே நகர்ந்து, ஐந்தாம் நாள் எண்ணூருக்கு வந்திருந்தார்கள். மொத்தம் முப்பத்தொரு படகுகள். கிரேனும் புகைபோக்கியும் நிலக்கரித் தூசும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அத்தனை வெள்ளைப் பாய்களும் ஒரே பக்கமாகச் சாய்கிறபோது யாரோ கடலைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவது போல இருக்கும். எனக்குப் படகு ஓட்டத் தெரியாது. நீச்சலும் அரைகுறைதான். ஆனாலும் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு உதவிக்குப் போய் நின்றேன். எங்கேயாவது போய் நிற்காவிட்டால் எனக்கு உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. அப்படியொரு பிறவி.

யார் கடலில் இருக்கிறார்கள், யார் கரைக்கு வந்துவிட்டார்கள் என்று பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. முதல் நாள் ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கினார்கள். ஈரக் கைகள் பட்டுப் பட்டு சாயங்காலத்துக்குள் நோட்டு கூழாகிவிட்டது. டோக்கன் போர்டு வைக்கலாம் என்று நான்தான் சொன்னேன். இருபது வருடத்துக்கு மேலாக இந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் டைம் ஆபீஸில் இருப்பவன். விரல் ரேகை மிஷின் வருவதற்கு முன்னால் எங்களுக்கு எல்லாமே டோக்கன்தான். ஒரு பலகை, வரிசையாக ஆணிகள், ஆணிக்கு ஓர் எண், அந்த எண் குத்திய ஒரு பித்தளை வில்லை. கடலுக்குப் போகும்போது உங்கள் டோக்கனை எடுத்துக்கொண்டு போங்கள், வந்ததும் உங்கள் கையால் மாட்டுங்கள். ஆணி வெறுமையாக இருந்தால் ஆள் கடலில். டோக்கன் தொங்கினால் ஆள் கரையில். போட்டியை நடத்தியவர் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். "ரொம்ப நல்ல ஐடியா சார்" என்று என் தோளைத் தட்டினார். மூன்று நாள் அந்தத் தட்டல் என் தோளிலேயே உட்கார்ந்திருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஷிப்ட் முடிந்து பஸ் பிடிக்க ஓடுகிற அவசரத்தில், தொழிற்சாலையில் யாராவது டோக்கனைக் கை கழுவுகிற தொட்டி மேலேயோ கேட் பக்கத்திலோ விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நாங்கள் எடுத்து அவரவர் ஆணியில் மாட்டிவிடுவோம். மாட்டாவிட்டால் மறுநாள் அவருக்கு மெமோ. அப்படி நான் மாட்டிவிட்ட டோக்கன்களுக்கு அளவே இல்லை. அதை எல்லோரும் உதவி என்றுதான் சொன்னார்கள். எங்கள் ஊரில் ஒரு டோக்கன் தனியாகக் கிடந்தால் ஆள் வீட்டுக்குப் போய்விட்டான் என்று மட்டும்தான் அர்த்தம்.

அன்று மத்தியானம் காற்று ஏறிவிட்டது. தாக்குப்பிடிக்க முடியாமல் பத்துப் பன்னிரண்டு பேர் பாதியிலேயே திரும்பி வந்தார்கள். படகை இழுப்பதும் பாயைச் சுருட்டுவதுமாகக் கரையெல்லாம் ஒரே கூச்சல். மூன்றேகால் மணி இருக்கும். படகு இறக்குகிற இடத்து ஈர மணலில் ஒரு டோக்கன் பாதி புதைந்து கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். இருபத்தேழு.

இருபத்தேழு என்றால் ராயபுரத்துப் பெண். முப்பது வயது இருக்கும், ரயில்வேயில் வேலை. தினமும் டோக்கனை எடுத்து லைஃப் ஜாக்கெட் நாடாவில் முடிந்துகொள்ளும்போது, "சார், வர்ற வரைக்கும் என் ஆணிய யாருக்கும் வாடகைக்கு வுட்றாதீங்க" என்று கிண்டல் செய்துவிட்டுப் போவார். சரி, வந்துவிட்டார் போல, அவசரத்தில் தவறவிட்டிருக்கிறார் என்று நினைத்தேனா? அதைக்கூட நினைத்ததாக ஞாபகம் இல்லை. கை தன்பாட்டுக்கு டோக்கனைப் பேன்ட்டில் துடைத்தது. தன்பாட்டுக்கு ஆணியில் மாட்டியது. நான் அடுத்த படகை இழுக்க ஓடினேன்.

நாலரைக்குப் போர்டு நிறைந்துவிட்டது. கடலில் முடிவுக் கோட்டைப் பார்த்துக்கொண்டவர்கள் கொண்டுவந்த பட்டியலில் இருபத்தேழுக்கு நேரே, பாதியில் விலகிவிட்டதாகக் குறித்திருந்தது. சரிதானே. விலகினார், கரைக்கு வந்தார், டோக்கன் தொங்குகிறது. எல்லாம் பொருந்தியது. எல்லாரும் வந்தாச்சு என்று கையை உயர்த்தினேன். கொடி இறங்கியது. காவலுக்கு நின்ற இரண்டு ரப்பர் படகுகளும் தெற்கே ராயபுரம் பக்கம் கிளம்பிவிட்டன. ஆட்கள் சாப்பாடு ஏற்பாடு செய்திருந்த மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். நான் போர்டுக்கு முன்னால் நின்று, காற்றில் டிக்டிக் என்று ஆடுகிற முப்பத்தொரு டோக்கன்களையும் ரசித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தேகாலுக்கு அந்தக் கரையில் வலை காயவைக்கிற அக்கா வந்தார்.

"இன்னா சார், இந்தத் தள்ளுவண்டி யாருது? ரொம்ப நேரமா அலைல ஊறிகினு கீது. நாங்க வலைய எங்க போட்றது?"

படகைத் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டு போகிற சின்ன இரண்டு சக்கர வண்டி. படகு கடலில் இருக்கும்போது அது கரையில் காத்து நிற்கும்.

"எல்லாரும் வந்தாச்சுக்கா. யாரோ மறந்து வச்சிட்டுப் போயிருப்பாங்க."

"வந்தாச்சின்னா போட்டு எங்க? போட்ட தோள்ல தூக்கிகினு வூட்டுக்குப் பூட்டாங்களா?"

"போர்டைப் பாருங்கக்கா. முப்பத்தொண்ணும் தொங்குது."

"நீ போர்டயே பாத்துகினு இரு. வண்டிய எண்ணு, போட்ட எண்ணு."

நான் எண்ணவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த அக்காவோடு நின்று வாதம் செய்தேன். டோக்கன் முறை எப்படி வேலை செய்யும் என்று அவருக்கு விளக்கினேன். பத்து நிமிடம். அவர் என்னை விட்டுவிட்டுத் தானே விரலை நீட்டி நீட்டி எண்ணினார். தள்ளுவண்டி முப்பத்தொன்று. படகு முப்பது.

அதற்குள் கூடாரத்துக்கு அடியில் ஒரு பையிலிருந்து போன் அடித்தது. கேட்பாரில்லாமல் கிடந்த ஒரே பை. பக்கத்தில் ஒரு ஜோடி செருப்பு. எடுத்துப் பார்த்தேன். திரையில் 'அம்மா' என்று இருந்தது. ஏன் எடுத்தேன், தெரியவில்லை. "கரைக்கு வந்துட்டாளா?" என்று ஒரு குரல் கேட்டது. என் வாய் சொன்னது: "வந்துட்டாங்கம்மா. துணி மாத்திட்டு இருக்காங்க."

போனை வைப்பதற்குள் அக்கா மண்டபத்துக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

போட்டி நடத்தியவர் ஓடி வந்தார். போர்டைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. "டோக்கனை மாட்டிட்டு, யாரையும் கேக்காம மறுபடி இறங்கியிருக்காங்க. இங்கதான் பக்கத்துல இருப்பாங்க" என்றார். ரப்பர் படகுகளுக்கும் துறைமுகத்துக்கும் போன் போட்டார். ரப்பர் படகு திரும்பி வர அரை மணியாவது ஆகும். நான் அவர் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அக்காவின் புருஷனும் அவர் தம்பியும் பைபர் போட்டைத் தள்ளினார்கள். நானும் ஏறினேன். நீச்சல் சரியாகத் தெரியாதவனுக்குப் போட்டில் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. போட்டி நடத்தியவர் சொன்னபடியே கரையை ஒட்டி, கல் வளைவுக்கு உள்ளே வெளியே என்று சுற்றினோம். புகைபோக்கிகளுக்குப் பின்னால் சூரியன் பழுத்து இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் முழுக்கச் செம்பு நிறம். எந்த அலையைப் பார்த்தாலும் ஒரு தலை மாதிரி இருந்தது. ஒரு சுற்று. இரண்டு சுற்று.

மூன்றாவது சுற்றில் சொன்னேன். "அண்ணே, அவங்க கரைக்கே வரல. டோக்கன் மணல்ல கிடந்தது. நான்தான் மாட்டினேன்."

இன்ஜின் நின்றது. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்றும் என் முதுகில் இருக்கிறது.

"எப்போ?"

"மூணேகாலுக்கு."

"அடப்பாவி மனுசா. இத்த கரைலயே சொல்றதுக்கு ஒனக்கு இன்னா கேடு?"

காலி தண்ணீர் பாட்டிலைக் கடலில் போட்டார். இரண்டு பேரும் அது போகிற போக்கையே பார்த்தார்கள். தம்பி, "வடக்க இய்க்குது" என்றார். அண்ணன், "காத்தும் அப்டித்தான். ரெண்டு மணி நேரம்னா தொறமுகத்துக் கல்லாண்ட பூட்டிருக்கும்" என்றார். போட்டு மூக்கைத் தூக்கிக்கொண்டு வடக்கே பறந்தது.

முகத்துவாரம் தாண்டினோம். அனல்மின் நிலையத்துப் பக்கமிருந்து வந்த காற்றில் சாம்பல் வாடை. ஒரு பெரிய கப்பல் தெருவே நகர்வது போல வெளியே போய்க்கொண்டிருந்தது. துறைமுகத்தின் அலைதடுப்புக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கறுத்துத் தெரிந்தன. அந்தக் கற்களுக்கு இந்தப் பக்கம், எறிந்தால் கல் விழுகிற தூரத்தில், கவிழ்ந்த ஒரு படகின் வெள்ளை அடிவயிறு. அதன்மேல் ஆரஞ்சு நிறமாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அசையவில்லை.

அந்த ஒரு நிமிடத்தை என்னால் எழுத முடியாது.

பிறகு ஒரு கை மேலே போனது.

அலை கல்லில் மோதித் திரும்புகிற இடம், போட்டை நெருக்க முடியாது. தம்பி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்தார். நானும் அண்ணனும் இழுத்தோம். படகின் அடியில் இருக்கிற பலகையைப் பிடித்திருந்த அந்தப் பெண்ணின் விரல்கள் விரியவே இல்லை, ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. உதடு நீலம் பூத்திருந்தது. முதலில் சொன்ன வார்த்தை: "அண்ணா, போட்ட வுட்டுறாதீங்க. கிளப்பு போட்டு."

"போட்டு கெடக்குது தாயி. நீ ஏறு மொதல்ல."

திரும்பி வரும்போது துண்டு துண்டாகச் சொன்னார். காற்றில் சுக்கான் கழன்றுவிட்டது. விலகுகிறேன் என்று கை காட்டியிருக்கிறார். கரைக்குத் திரும்பப் பார்த்தபோது படகு கவிழ்ந்தது. நிமிர்த்த நிமிர்த்தக் கவிழ்ந்தது. "ரப்பர் போட்டு வரும், வரும்னு பாத்துகினே இருந்தேன். ரெண்டும் திரும்பி, தெக்க போச்சு. அத்த பாத்தேன்."

அத்த பாத்தேன். அழவில்லை, கத்தவில்லை, சாதாரணமாகச் சொன்னார்.

கரையில் கூட்டம் கூடியிருந்தது. அக்கா ஒரு போர்வையைச் சுற்றி உட்கார வைத்தார். போட்டி நடத்தியவர் நிம்மதியும் கோபமுமாக, "டோக்கனை மாட்டிட்டு மறுபடி ஏன்மா இறங்கின?" என்று ஆரம்பித்தார். அந்தப் பெண்ணுக்கு எதுவும் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து அவர் பையிலிருந்த போன் மறுபடி அடித்தது. விறைத்த விரல்களால் காதில் பிடிக்க முடியாமல் ஸ்பீக்கரில் போட்டார்.

"இன்னாடி, இவ்ளோ நேரமாவா துணி மாத்துற?"

எல்லாருக்கும் கேட்டது. அவர் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். என் முகத்தில் வந்து அந்தப் பார்வை நின்றது. என் முகமே சொல்லியிருக்க வேண்டும்.

"ஆமாம்மா," என்றார், பல் கிட்டித்தபடியே. "ஜிப்பு மாட்டிகிச்சு. வர்றேன்."

அதற்கப்புறம் நான் எல்லார் முன்னாலும் சொன்னேன். ஜாக்கெட் நாடாவிலிருந்து அவிழ்ந்து விழுந்த டோக்கன் மணலில் கிடந்ததை, நான் மாட்டியதை, வாயை மூடிக்கொண்டு நின்றதை. போட்டி நடத்தியவர் தலையைக் குனிந்துகொண்டார். யாரும் என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

அந்தப் பெண் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எத்தினி மணிக்கு சார் மாட்டுனீங்க?"

"மூணேகாலுக்கு."

கடல் பக்கம் திரும்பினார். "மூணேகாலுக்கு நான் அஞ்சாவதா போய்கினு இருந்தேன் சார். நல்ல காத்து."

மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, அவர் சொல்லவுமில்லை. அக்கா கொடுத்த டீயை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துவிட்டு, தம்பி கயிறு கட்டி இழுத்து வந்த படகைப் பார்க்க எழுந்து போய்விட்டார். நான் அன்று எண்ணூரிலிருந்து வீடு வரைக்கும் நடந்தே போனேன்.

ஒரு பெண் முழு வேகத்தில், முழு உயிரோடு, பாயை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஐந்தாவது இடத்தில் பறந்துகொண்டிருந்த அதே நிமிடத்தில், நான் அவரைக் கரையில் சேர்த்துக் கதையை முடித்திருக்கிறேன். கெட்ட எண்ணம் இல்லை, அலட்சியம்கூட இல்லை, உதவி செய்கிற கையால்தான் செய்தேன். கண்ணால் பார்க்காத ஓர் ஆளை வந்துவிட்டதாக ஆக்கிவிடுவது என் கைக்கும் வாய்க்கும் அவ்வளவு சுலபமாக இருந்ததே, அதுதான் இன்றைக்கும் என்னைத் தூக்கிவாரிப் போடுகிறது.