அண்ணி தேர்ந்தெடுத்த ஸ்கேனர்

அந்த மஞ்சள் விளக்கு முதன்முதலில் எரிந்த காலையை நினைத்தால், பனிக்குள் யாரோ கையைப் பிடித்து நடத்திச் செல்வதுபோல இருக்கிறது. போலகத்தில் அறுவடை முடிந்திருந்தது. வைக்கோல் வாசனையோடு பனி வயல்களின் மேல் படுத்திருந்தது. வரப்பும் வாய்க்காலும் தெரியவில்லை. தென்னைகளின் தலைகள் மட்டும் வேரில்லாதவை போல மிதந்தன. ஓட்டுகிற இருக்கையில் அண்ணி, பக்கத்தில் அண்ணன், பின்னால் நான். அண்ணி சாவியைத் திருப்பினார். ஸ்பீடோமீட்டருக்குக் கீழே, இன்ஜின் படம் போட்ட ஒரு சின்ன விளக்கு எரிந்தது. வழக்கமாக எல்லா விளக்குகளும் ஒரு நொடி எரிந்து அணைந்துவிடும். இது அணையவில்லை. கண்ணாடிக்கு வெளியே எல்லாம் வெள்ளையாக இருந்ததால், உலகத்தில் நிறம் உள்ள ஒரே பொருள் அதுதான் என்று தோன்றியது.

அண்ணன் அதைப் பார்த்தார். இடது கையை நீட்டி விளக்கைச் சுட்டினார். பிறகு அதே கையைக் குறுக்கே ஆட்டினார். வண்டி எடுக்கக் கூடாது என்று அர்த்தம். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் பக்கவாதம் வந்து அவருடைய வலது கையையும் காலையும் பேச்சையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. "ம்" என்பதும், இன்னும் ஓரிரு ஒலிகளும்தான் மிச்சம். அதற்கு முன்பு ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்தக் காரின் பானட்டுக்குள்தான் இருப்பார். ஆயில் மாற்றுவது, பிளக் துடைப்பது, பிரேக் பார்ப்பது எல்லாம் அவரே. அலுவலகத்தில் கோப்புகளோடு கழிந்த வாரத்துக்கு அது அவர் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட விடுமுறை. விளக்கு எரிகிற வண்டியை ஓட்டினால் இன்ஜின் கெட்டுவிடும் என்ற பயம் அவருக்கு உண்டு. பேச்சு போனாலும் அந்தப் பயம் போகவில்லை.

அன்று பிசியோதெரபிக்குப் போகவில்லை. அடுத்த முறை ஆட்டோ வைத்துக் காரைக்காலுக்கு அழைத்துப் போனோம். தெருவே பார்த்துக்கொண்டிருக்க இரண்டு பேர் அவரைத் தூக்கி உள்ளே உட்கார வைத்தார்கள். திரும்பி வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன் பிறகு ஆட்டோ வாசலில் வந்து நின்றால் கண்ணை மூடிக்கொள்வார். எத்தனை கூப்பிட்டாலும் திறக்க மாட்டார்.

அண்ணி கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே அவருக்காகத்தான். தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர். அதுவரை ஸ்கூட்டிதான். நாற்பதைத் தாண்டிய வயதில் ஓட்டுநர் பள்ளிக்குப் போய், போலகத்துச் சந்துகளில் வேலியை உரசி, அரசலாற்றுப் பாலத்தில் பின்னால் வருகிற பஸ்ஸின் ஹாரனுக்கு நடுங்கி, எப்படியோ பழகிவிட்டார். அண்ணனைத் தன் கையாலேயே உட்கார வைத்து, தன் கையாலேயே இறக்குவார். யாரும் வேடிக்கை பார்க்க நேரமிருக்காது. அந்தக் கார் நின்றுபோனது எங்கள் எல்லோருக்கும் ஒரு கதவு சாத்திக்கொண்டது போலத்தான் இருந்தது.

அண்ணி வண்டியைத் தெருமுனைப் பட்டறைக்குக் கொண்டுபோனார். பட்டறைக்காரர் நல்ல மனிதர்தான். பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "சென்சார் எதாவது போயிருக்கும் மேடம். எதுன்னு தெரியணும்னா ஸ்கேன் பண்ணணும். வண்டிய விட்டுட்டுப் போங்க, மெஷின் வெச்சிருக்கறவர் வரும்போது பாத்துடலாம்" என்றார். அந்த மெஷின்காரர் எப்போது வருவார் என்று பட்டறைக்காரருக்கும் தெரியவில்லை. வண்டியை விட்டுவிட்டு வர அண்ணிக்கு மனமில்லை. மெதுவாக ஓட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்.

போனிலேயே ஸ்கேன் செய்கிற சின்னக் கருவிகள் கிடைக்கின்றன என்று நான்தான் அண்ணியிடம் சொன்னேன். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள போர்ட்டில் செருகினால், வண்டிக்குள் என்ன கோளாறு என்று ப்ளூடூத் வழியாகப் போன் திரையில் வந்துவிடும். என் அலுவலகத்து நண்பர் ஒருவரிடம் அப்படி ஒன்று இருந்தது. இருப்பதிலேயே மலிவானது. இரவல் வாங்கிக்கொண்டு, நான் குடியிருக்கும் தருமபுரத்திலிருந்து ஒரு சனிக்கிழமை போலகம் போனேன். அண்ணி காருக்குள் குனிந்து, கையால் தடவியே அந்தப் போர்ட்டைக் கண்டுபிடித்தார். செருகினோம். நெடுநேரம் எதுவும் வரவில்லை. பிறகு திடீரென்று ஓர் எழுத்தும் சில எண்களும் வந்தன. கீழே, ஆக்ஸிஜன் சென்சார் என்று இருந்தது. புகையில் எவ்வளவு காற்று மிச்சம் இருக்கிறது என்று இன்ஜினுக்குச் சொல்கிற சென்சார் அது. மேற்கொண்டு பார்ப்பதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. திரும்பச் செருகினால் இணையும், இணைந்ததும் அறுந்துவிடும்.

போன் திரையில் கோளாறுப் பதிவை அழிப்பதற்கு ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் விளக்கு அணைந்துவிடும், அண்ணனையும் சமாதானப்படுத்திவிடலாம் என்றேன். அண்ணி என் கையைத் தடுத்தார்.

"வேணாம் தம்பி. விளக்கு அணைஞ்சுட்டா கோளாறு போயிடுச்சுன்னு ஆயிடுமா? அவருக்குப் பொய் சொன்னா அவருக்குத் தெரிஞ்சுடும்."

அதன் பிறகு பல மாலைகள் அண்ணி அதே வேலையாக இருந்தார். விடைத்தாள் கட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, போனில் ஒவ்வொரு ஸ்கேனராகப் பார்ப்பார். நான் போய் உட்கார்ந்தால் திரையை என் பக்கம் திருப்புவார். எல்லாம் ஒரே மாதிரிச் சின்னப் பெட்டிகள். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வாக்குறுதிகள். அண்ணி பாராட்டுகளைப் படிக்கவே மாட்டார். குறை சொன்னவர்கள் எழுதியதை மட்டும் படிப்பார். "நல்லா இருக்குன்னு சொல்றவங்க அதோட நிறுத்திடறாங்க. நல்லா இல்லன்னு சொல்றவங்கதான் என்ன வண்டி, என்ன ஆச்சுன்னு காரணத்தோட எழுதறாங்க" என்பார். மீன்காரம்மா கூடையை இறக்கினால் செவுளைத் தூக்கிப் பார்க்கிறபோது அவர் முகத்தில் இருக்கும் அதே நிதானம்.

எங்கள் கார் மாடலில் வேலை செய்கிறது என்று யாராவது எழுதியிருக்கிறார்களா என்று முதலில் தேடினார். இரண்டு வகை போனிலும் இணைகிறதா என்று பார்த்தார். என் போன் வேறு வகை, அவர் பள்ளியில் இருக்கும்போது நானும் பார்க்க முடிய வேண்டும். நிறைய வேலை செய்கிற விலை உயர்ந்த கருவிகளுக்கு வருடா வருடம் சந்தா கட்ட வேண்டியிருந்தது, அவற்றை ஒதுக்கினார். வண்டியிலேயே விட்டுவைத்தால் பேட்டரியை உறிஞ்சிவிடும் என்று யாரோ புலம்பியிருந்ததால், சுலபமாகக் கழற்றக்கூடியதாக வேண்டும் என்றார். சரிப்படாவிட்டால் திருப்பி அனுப்பவும் முடிய வேண்டும். கடைசியில் அவர் பிடிவாதமாக நின்ற இடம் ஒன்று உண்டு. கோளாறின் பெயரை மட்டும் சொன்னால் போதாது; இன்ஜின் ஓடும்போதே உள்ளே நடப்பதைக் கோடாக வரைந்து காட்ட வேண்டும், அதுவும் இலவச ஆப்பிலேயே.

"கோடு எதுக்கு அண்ணி? என்ன கோளாறுன்னு தெரிஞ்சா போதாதா?"

"பேரு தெரிஞ்சா எதை மாத்தணும்னு சொல்லிடுவாங்க தம்பி. கோடு தெரிஞ்சாதான் ஏன்னு தெரியும்."

அப்படி மலிவுக்கும் விலை உயர்வுக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கட்டை விரலைவிடச் சற்றுப் பெரிய கறுப்புக் கருவி. பள்ளி முகவரிக்கு வந்தது.

அதை அண்ணி வீட்டுக்குக் கொண்டுவந்த மாலையின் வெளிச்சத்தை நான் வேறு எந்த நாளிலும் பார்த்ததில்லை. மேற்கே எங்கோ வைக்கோல் தாளைக் கொளுத்தியிருந்தார்கள். அந்தப் புகையில் வெயில் கரைந்து, வாசல், வேப்பமரம், கார் எல்லாம் தேனுக்குள் இருப்பதுபோலத் தெரிந்தன. கிழக்கேயிருந்து கடற்காற்று மெல்ல வந்துகொண்டிருந்தது. அண்ணி கருவியைச் செருகி இன்ஜினை ஓடவிட்டு, போனைப் பானட்டின் மேல், முன்கண்ணாடியில் சாய்த்து வைத்தார். இந்த முறை தொடர்பு அறுபடவில்லை. திரையில் கோடுகள் ஓட ஆரம்பித்தன. ஒன்று அலைபோல ஏறி இறங்கியது. ஒன்று மெதுவாக வளைந்து மேலே போனது. ஆக்ஸிஜன் சென்சாரின் கோடு மட்டும் உயிரில்லாமல் நேராகக் கிடந்தது.

வாசல் நிலையில் ஏதோ உரசும் சத்தம் கேட்டுத் திரும்பினோம். அண்ணன் நின்றுகொண்டிருந்தார். சன்னல் வழியாகத் திரையைப் பார்த்திருக்க வேண்டும். கட்டிலிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்து, வலது காலை இழுத்துக்கொண்டு தானாகவே வந்திருக்கிறார். அண்ணி ஓடிப்போய்த் தோள் கொடுத்தார். அவர் வந்து பானட்டில் இடது கையை ஊன்றிக்கொண்டு, அசையாத அந்தக் கோட்டையே பார்த்தார். பிறகு இடது கையின் விரல்களைப் பானட்டின் மேல் குறுகுறுவென்று ஓடவிட்டார். எங்களுக்குப் புரியவில்லை. மறுபடியும் ஓடவிட்டார். விரல் நுனிகளைச் சேர்த்துக் கொறிப்பதுபோலச் செய்தார்.

"எலியா?" என்றார் அண்ணி.

"ம்."

அறுவடை முடிந்தால் வயல் எலிகள் வீட்டுப் பக்கம் வரும். இன்ஜினை அணைத்துவிட்டுப் பானட்டைத் திறந்தோம். அண்ணன் காட்டிய இடத்தில் கையை விட்டேன். சென்சாருக்குப் போகும் ஒயர், தோல் உரிந்து, செம்பு இழைகள் பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. சென்சாருக்கு ஒன்றும் ஆகவில்லை. தெருமுனைப் பட்டறைக்காரரைக் கூட்டிவந்தேன். ஒயரை இணைத்து உறை போட்டார். ஸ்கேனரைப் பார்த்துவிட்டு, "இதே மாதிரி எனக்கும் ஒண்ணு வாங்கித் தாங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதை அதோடு முடிந்திருந்தாலும் அந்தக் கருவியை நான் நினைவில் வைத்திருப்பேன். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் சொல்ல வந்தது.

அண்ணன் களைத்துவிட்டார். பக்கத்தில் திறந்திருந்தது ஓட்டுகிற இருக்கையின் கதவு. அதில் உட்கார வைத்தோம். நோய் வந்த பிறகு அவர் அந்த இருக்கையில் உட்கார்ந்ததே இல்லை. அண்ணி அவருடைய வலது காலை மெதுவாகத் தூக்கி உள்ளே வைத்தார். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்து, ஹேண்ட் பிரேக்கை இன்னொரு தரம் இழுத்துவிட்டார். கோளாறை அழிப்பதற்காகச் சாவியை மட்டும் திருப்பினார், இன்ஜினை ஓடவிடவில்லை. பொத்தானை அழுத்தினார். மஞ்சள் விளக்கு அணைந்தது. எல்லாம் சரியா என்று ஒவ்வொரு கோடாகத் தள்ளிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"தம்பி, இங்க பாருங்க. இது என்ன ஆடுது?"

ஆக்ஸிலேட்டர் மிதியின் கோடு அது. மிதி எவ்வளவு அழுந்துகிறது என்று காட்டுவது. இன்ஜின் ஓடவில்லை, வண்டி அசையவில்லை. ஆனால் அந்தக் கோட்டில் சின்னதாக ஒரு மேடு எழுந்து அடங்கியது. இன்னொரு கோளாறு என்றுதான் நினைத்தேன். அண்ணி குனிந்து மிதியைப் பார்த்தார். அதன் மேல் அண்ணனுடைய வலது பாதம் இருந்தது. கண்ணுக்கு அது அசைவதாகவே தெரியவில்லை. அண்ணி நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"என்னங்க, மிதிங்க" என்றார் மிகவும் மெதுவாக.

கோடு மறுபடியும் எழுந்தது. ஓர் எறும்பு போர்வைக்குள் நகர்ந்ததுபோல அவ்வளவுதான்.

காலில் உயிர் வந்துகொண்டிருக்கிறது என்று பிசியோதெரபி செய்யும் பெண் எத்தனையோ முறை சொல்லியிருந்தார். நாங்களும் சொல்லியிருந்தோம். ஆறுதலுக்குச் சொல்கிறோம் என்றுதான் அண்ணன் நினைத்திருந்தார். மனிதர்களின் சமாதானப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்தவர் அவர். ஆனால் வண்டி அவரிடம் பொய் சொன்னதில்லை. அண்ணி போனை எடுத்து அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே மிதித்தார். கோடு எழுந்தது. விட்டார், இறங்கியது. திரும்ப மிதித்தார். புகை வெளிச்சம் மெல்ல நீலமாகி, வேப்பமரத்தில் காகங்கள் அடையும் வரை அவர் அதையே செய்துகொண்டிருந்தார். அண்ணியின் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. இரண்டு கையாலும் போனைப் பிடித்திருந்ததால் அவர் அதைத் துடைக்கவில்லை.

மறுநாள் முதல் அதுவே மாலை வேலையாகிவிட்டது. அண்ணி பள்ளியிலிருந்து வந்ததும் அண்ணன் காரைப் பார்ப்பார். சாவியை மட்டும் திருப்பி, கருவியைச் செருகி, போனை நிறுத்தி வைப்பார்கள். கோட்டில் எறும்பு அசைந்ததுபோல இருந்தது சில வாரங்களில் மண்மேடாயிற்று. கோடை முடிவதற்குள் திரையில் பாதியைத் தொட்டது. பிசியோதெரபிக்கும் அவர் மறுப்பில்லாமல் வந்தார். அண்ணி போனில் பதிந்து வைத்திருந்த கோடுகளை அந்தப் பெண்ணிடம் காட்டினார். "இதை நாங்க எங்கயும் படிக்கலையே" என்று சொல்லிச் சிரித்தவர், மிதிக்கும்போது குதிகால் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்.

எல்லாம் திரும்பி வரவில்லை. அண்ணன் இப்போது தடியை ஊன்றி நடக்கிறார். சில சொற்கள் வந்திருக்கின்றன, பல வரவில்லை. வண்டி ஓட்ட மருத்துவர் சம்மதிக்கவில்லை. இனி சம்மதிக்கவும் மாட்டார் என்று அண்ணனுக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி பானட்டைத் திறக்க, அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து தடியால் சுட்டிக்காட்டுகிறார்.

போன மாதம் ஒரு மாலை மூவரும் காரைக்கால் கடற்கரைக்குப் போனோம். மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. அரசலாற்றை ஒட்டிய சாலையில் வானம் தலைகீழாகக் கிடந்தது. ஆற்றில் திரும்பிக்கொண்டிருந்த படகுகளும், கரையில் குடை மடக்கி நடப்பவர்களும் ஏதோ தூக்கத்தில் அசைவதுபோல அசைந்தார்கள். அண்ணி ஓட்டினார். அண்ணன் பக்கத்தில். பின்னிருக்கையின் நடுவில் இருந்த எனக்கு அவருடைய கால் தெரிந்தது. சாலை நேராக நீண்டதும் அண்ணி ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். அண்ணனின் வலது பாதமும் வெறும் தரைவிரிப்பின் மேல் மெல்ல அழுந்தியது. வளைவு வந்தபோது பாதம் எழுந்தது. திரும்ப அழுந்தியது. அவர் முகம் சாலையிலேயே இருந்தது.

அண்ணியும் அதைப் பார்த்துவிட்டார். ஒரு பார்வைதான். பிறகு சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"மெதுவா போங்க. ரோடு ஈரமா இருக்குல்ல."

அண்ணன் தலையசைத்து, பாதத்தைக் கொஞ்சம் தளர்த்தினார்.